இன்க்ளூட் வசதி: ஒட்டாதீர்கள், பொருத்துங்கள்

கேள்வி (ஜூரோங், கையேடு எழுதுபவர்): வணக்கம் அண்ணா. எங்கள் குழுவுக்கென்று சின்னதாக ஒரு மார்க்அப் மொழி (தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் குறிகளால் எழுதும் முறை) செய்கிறோம். பாதுகாப்பு எச்சரிக்கையை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு எல்லாக் கையேட்டிலும் சேர்க்க வேண்டும். 'இந்தக் கோப்பை இங்கே சேர்' என்று சொல்லும் இன்க்ளூட் வரி வரும் இடத்தில் அந்தக் கோப்பை அப்படியே ஒட்டிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. சி நிரல்மொழி அப்படித்தான் ஒட்டுகிறது. ஆனால் அங்கே ஒரு அடைப்புக்குறி விடுபட்டால் கம்பைலர் கத்தும். மார்க்டவுன் போன்ற மொழியில் பிழை என்று ஒன்றே வராது. எச்சரிக்கைக் கோப்பில் யாரோ கோட் பிளாக்கை (நிரலை அப்படியே காட்டும் பகுதியை) திறந்து மூடாமல் விட்டால், அதற்குப் பின்னால் வரும் கையேடு மொத்தமும் கோட் பிளாக் ஆகிவிடும். பிழை எங்கேயோ, சேதம் எங்கேயோ.

ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்ஸ் செய்யுங்கள், அதாவது படித்துத் தலைப்பு, பத்தி என்று பிரித்து மரம்போல் அடுக்குங்கள். கிடைக்கும் மரத்தை இன்க்ளூட் இருந்த இடத்தில் பொருத்துங்கள். திறந்தது எதுவானாலும் அந்தக் கோப்பு முடியும்போது மூடிவிடும். தலைப்பின் நிலையை இறக்குவதும் அப்புறம் சுலபம். அஸ்கிடாக் என்ற மார்க்அப் மொழியில் 'லெவல்ஆஃப்செட்' செய்யும் வேலை அதுதான். அடிக்குறிப்புப் பெயர்களும் மோதாது, கோப்புக்கொரு எல்லை வைத்தால். படங்களின் பாதையை, அதை எழுதிய கோப்பு இருக்கும் இடத்திலிருந்தே கணக்கிடுங்கள்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி): ஒரு கோப்பு தன்னையே சுற்றிவந்து சேர்த்துக்கொண்டால்?

பதில்: 'ஏற்கெனவே சேர்த்தாயிற்று' என்று தடுக்காதீர்கள் தங்கச்சி. ஒரே எச்சரிக்கை இரண்டு அத்தியாயங்களில் வருவது நியாயம்தான். இப்போது திறந்திருக்கும் கோப்புகளின் அடுக்கில் அதே பெயர் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். அஸ்கிடாக் ஆவணங்களை மாற்றித் தரும் அஸ்கிடாக்டர் கருவி கூடுதலாக 64 அடுக்கு என்று ஆழ வரம்பும் வைத்திருக்கிறது. மொத்த அளவுக்கும் வரம்பு வையுங்கள்: ஒவ்வொன்றும் அடுத்ததைப் பத்து முறை சேர்த்தால், ஒன்பது அடுக்கிலேயே நூறு கோடிப் பிரதி.

கேள்வி (உட்லண்ட்ஸ்): வெளியார் அனுப்பும் ஆவணத்தை எங்கள் சர்வர் மாற்றித் தருகிறது. ஆபத்தா?

பதில்: ஆமாம், சர்வரின் ரகசியக் கோப்பையே இன்க்ளூட் செய்து கேட்பார்கள். இன்க்ளூட் வசதியை இயல்பாக அணைத்தே வையுங்கள்.

கேள்வி (தமிழாசிரியர், தெம்பனிஸ்): 'பொது' என்று பெயரிட்ட கோப்பு மேக்கில் சேர்கிறது, லினக்ஸில் 'கோப்பு இல்லை' என்கிறது. ஏன் ஐயா?

பதில்: 'பொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். மேக் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். லினக்ஸ் பொதுவாக பைட்டுக்குப் பைட் ஒப்பிடும். இன்க்ளூட் வரியில் உள்ள பெயரையும் கோப்புறையில் உள்ள பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.