வடிகுழாயைத் தினமும் துடைத்தும் ஏன் தொற்று வருகிறது?

நீங்கள் துடைப்பது சிறுநீர் வடிகுழாயின் வெளிப்புறத்தை. கிருமி உட்சுவரிலும் ஒட்டும். குழாயில் முதலில் உடலின் புரதங்கள் மெல்லிசாகப் படியும். அதன்மேல் பாக்டீரியா ஒட்டி, பசைபோல ஓர் உறையைச் சுரந்து கூட்டமாகக் குடியேறிவிடும். வழவழப்பான அந்த உயிர்ப்படலத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாக வேலை செய்யாது. கிருமி ஒட்டாமல் தடுக்க வெள்ளி பூசிய குழாய்களும் உண்டு. ஆனால் அதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

குழாயிலிருந்து சிறுநீர் வடிந்து சேரும் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கட்டும். குழாயும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றாதீர்கள். பையைக் காலி செய்யும்போது அதன் முனை பாத்திரத்தில் படவே கூடாது. பலர் தவறுவது இங்கேதான். கை கழுவுவதைச் சொல்ல வேண்டியதில்லை.

முக்கியமாக, 'குழாய் இன்னும் தேவையா?' என்று மருத்துவரிடம் தினமும் கேளுங்கள். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம்.