மழை வரும்னு சொல்றதெல்லாம் ஒரு வேலையா?

கேள்வி: பாலிடெக்னிக்ல மாஸ் காம் கடைசி வருஷம் படிக்கிறேன் அக்கா. டிவில தமிழ்ல வானிலை சொல்றவளா ஆகணும்னு ஆசை. அம்மா "அதெல்லாம் ஒரு வேலையா, மழை வரலன்னா ஊரே திட்டும்"ங்கறாங்க. என்ன செய்ய? (சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

பதில்: திட்டு கண்டிப்பா விழும் தங்கச்சி, அம்மா சொன்னது சரிதான். ஆனா அது விழறது டிவில முகம் தெரியறவங்களுக்கு, கணிச்சவங்க நைட் ஷிப்ட் முடிச்சு வீட்ல தூங்கிட்டு இருப்பாங்க. சொல்றது ஒரு வேலை, கணிக்கிறது வேற வேலை, உனக்கு எது வேணும்னு முதல்ல முடிவு பண்ணு. சென்னையில ரமணன் சார் ரெண்டையும் செஞ்சாரு, டிவில அவரு வந்தாலே பசங்க ஸ்கூல் லீவான்னு பாப்பாங்க, ஆனா 2016ல ரிட்டயர் ஆகற வரைக்கும் அவரு வானிலை ஆய்வு மையத்து அதிகாரி, செய்தி வாசிக்கிறவரு இல்ல.

சொல்றதும் லேசுப்பட்டது இல்ல. ஒரு தடவை ஸ்டூடியோவுல நானும் முயற்சி பண்ணேன், பின்னாடி வெறும் பச்சைத் துணிதான், பச்சை இருக்கற இடத்துலதான் கம்ப்யூட்டர் மேப்பைப் போடும், அது பக்கத்து மானிட்டர்லதான் தெரியும், கிழக்குல இருக்கற சாங்கின்னு சொல்லிட்டு மேற்குல இருக்கற துவாஸைக் காட்டினேன். அதை விடு, அன்னிக்கு நான் கட்டிட்டுப் போனது பச்சை பார்டர் சேலை, பார்டர் இருந்த இடத்துல மலேசியாவோட ஜொகூர் தெரிஞ்சுது!

நம்ம ஊர் மழையக் கணிக்கறது இன்னும் கஷ்டம். விடியக்காலையில சுமத்ரா பக்கத்துலேருந்து வர்ற காத்தும் மழையும் வரிசையா வரும், கடலைத் தாண்டறப்பவே ரேடார்ல பிடிச்சிடலாம். மத்தியான இடிமழை அப்படியில்ல, சூட்டுல அங்கேயே மேகம் கட்டி அரை மணி நேரத்துல கொட்டிடும், ஈசூன்ல ஊத்தும், தோ பாயோல வெயில் அடிக்கும். அதனாலதான் வானிலை ஆய்வகம் 2 மணி நேரத்துக்கு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியா முன்னுரைப்பு போடுது.

கணிக்கத்தான் ஆசைன்னா பிசிக்ஸ், மேத்ஸ் இல்லாம முடியாது, டிகிரியில அந்தப் பக்கம் திரும்பணும். சொல்றதுதான் ஆசைன்னா செய்தி வாசிக்கவும் பழகிக்கோ, தமிழ்ல வானிலைய மட்டும் சொல்லி மாசச் சம்பளம் வாங்கிடலாம்னு நம்பி இறங்காதே.

ரெண்டு வாரம் இதைச் செஞ்சு பாரு. தினமும் காலையில ரேடார் படத்தைப் பாத்து, ஈசூனுக்கு இன்னிக்கு என்னன்னு 30 விநாடியில அம்மாகிட்ட தமிழ்ல சொல்லு, "ஒரு சில இடங்களில் இடியுடன் கூடிய மழை"ன்னு மழுப்பாம. சாயங்காலம் சரியா தப்பான்னு எழுதி வை. மூங்கில் கழியில துணி மாட்டறதுக்கு முன்னாடி அம்மா உன்னைக் கூப்பிட்டுக் கேக்க ஆரம்பிச்சாங்கன்னா எனக்கு இன்னொரு லெட்டர் போடு.