அந்த 14-க்குப் பிள்ளை பொறுப்பில்லை

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, டைப் 1 சர்க்கரை நோய். சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஓடிவிடுகிறான். இன்சுலின் போட்ட பிறகு சாப்பிட வாயைத் திறப்பதில்லை. நேற்று 14 mmol/L (mg/dL கணக்கில் சுமார் 250) என்று அதிகமாகக் காட்டியது, "என்னடா தின்றாய்?" என்று கத்திவிட்டேன். ஆயா (அவன் பாட்டி) ரகசியமாக லட்டு வேறு கொடுக்கிறார்.
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தங்கச்சி, சளி பிடித்தாலும் சர்க்கரை ஏறும், பயந்து அழுதாலும் ஏறும். "என்ன தின்றாய்" என்று அதட்டினால் அடுத்த தடவை அவன் மறைக்கத்தான் பழகுவான். மிஷினில் எண் வந்ததும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். "14, சரி, எழுதிக்கலாம்" என்று நோட்டை அவன் கையில் கொடுங்கள். கோணல்மாணலாக எழுதினால் என்ன?

"குத்தலாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்பான், பிறகு அமுக்கிப் பிடிக்க வேண்டும். எந்த விரல், மடியிலா நாற்காலியிலா என்று கேளுங்கள். நுனியின் நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. முதலில் கை கழுவட்டும், மாம்பழம் தின்ற விரலில் குத்தினால் மிஷின் பொய் சொல்லும்.

சாப்பிட மறுப்பதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு இன்சுலினைச் சாப்பிட்டு முடித்ததும் போடச் சொல்வதும் உண்டு. நீங்களாக மாற்ற வேண்டாம். ரொட்டி வேண்டாமா, சிப்ஸா, கேக்கா என்று தட்டோடு பின்னால் ஓடவும் வேண்டாம். ஊசி போட்டாகிவிட்டதென்றால் பால் மாதிரி ஒரே ஒரு மாற்று, எப்போதும் அதுதான்.

பேரம் கூடாத இடம் ஒன்று உண்டு, சர்க்கரை இறங்கும் நேரம். திடீரென வியர்த்து, வெளிறி, காரணமில்லாமல் அடம்பிடித்தால் திட்டுமுன் குத்திப் பாருங்கள். 4-க்குக் கீழே (mg/dL கணக்கில் சுமார் 70) என்றால் டாக்டர் சொன்ன அளவு ஜூஸ் உடனே, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஆயா விஷயம். நம் வீடுகளில் தாத்தாவுக்கும் சர்க்கரை இருக்கும், அந்தப் பத்தியம் பேரனுக்குப் பொருந்தாது. அவனுக்கு இது லட்டால் வந்ததல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்ததால் வந்தது. பாகற்காய் சாறு குடித்தால் ஊசியை நிறுத்தலாம் என்று ஒரு ஆன்ட்டி வருவார், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். லட்டைப் பிடுங்கினால் ஆயாவும் பேரனும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். எப்போதாவது ஒன்று, சாப்பாட்டு நேரத்தில், உங்களிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். அந்த வேளை இன்சுலின் கணக்கில் லட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். எப்படி என்று கிளினிக் நர்ஸ் சொல்லித் தருவார், ஆயாவையும் கூட்டிப் போங்கள்.