ஹெலிகாப்டரில் போனால் அம்மாவுக்குச் சிரமம் இருக்காதா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பிபிக்கு அம்லோடிபின் 5 எம்ஜி சாப்பிடுகிறார். முட்டி வலி உண்டு, ஆனாலும் திருவண்ணாமலை கிரிவலத்தை விடுவதில்லை. புரட்டாசி அல்லது ஐப்பசியில் கேதார்நாத் கூட்டிப்போக ஆசை. ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டால் கஷ்டமே இல்லை, போக வர ஆறே நாள் என்கிறார் டூர்க்காரர். நம்பலாமா?
– புது வண்ணாரப்பேட்டை வாசகி

பதில்: ஹெலிகாப்டரை நம்பலாம், ஆறு நாளை நம்பாதீர்கள்.

கேதார்நாத் கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நம் ஊரில் கிடைப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கிடைக்கும். புது வண்ணாரப்பேட்டை கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து போகிற உடம்பு இதற்குப் பழக இரண்டு மூன்று நாளாவது வேண்டும். கிரிவலம் 14 கிலோமீட்டர் என்றாலும் சமதரை. கௌரிகுண்டிலிருந்து கேதாருக்கு நடைபாதை சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 1,600 மீட்டர். இரண்டையும் ஒப்பிட்டு அம்மாவுக்குத் தெம்பு இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஃபாட்டா, சிர்சி, குப்தகாசி ஆகிய இடங்களிலிருந்து ஹெலிகாப்டர் கிளம்புகிறது. பத்து நிமிஷத்துக்குள் மேலே இறக்கிவிடும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருகிற மலை நோயின் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் எல்லாம் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் காலையில் ஏறி, தரிசனம் முடித்து, மதியத்துக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மேகம் கவிந்து திரும்பும் ஹெலிகாப்டர் ரத்தானால்தான் சிக்கல். இது அபூர்வமாக நடப்பதல்ல. உயரத்துக்குப் பழகாத உடம்போடு, பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில், அன்றிரவு மேலேயே தங்க வேண்டிவரும். ஹெலிகாப்டரில் கைப்பை அளவுக்குத்தான் அனுமதி என்பதால் பலரும் மாத்திரைப் பையைக் கீழே லாட்ஜில் வைத்துவிட்டு ஏறுகிறார்கள். இரண்டு நாள் மாத்திரை, தெர்மல் உள்ளாடை, குல்லா, கம்பளி சாக்ஸ், மழைக்கோட்டு ஆகியவற்றை அம்மா உடம்பிலோ கைப்பையிலோ கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

பயணத்தை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பினால் மூன்றாம் நாள் காலை டெல்லி. விமானம் என்றால் அன்றே. ரிஷிகேஷில் ஓர் இரவு, குப்தகாசியில் ஓர் இரவு. குப்தகாசி சுமார் 1,300 மீட்டர்தான், அங்கே எத்தனை நாள் தங்கினாலும் உடம்பு பெரிதாகப் பழகிவிடாது. அதனால் ஊக்கிமட் வழியாகச் சோப்தாவுக்குப் போய் ஓர் இரவு தூங்குங்கள். சாலையிலேயே போய்விடலாம், 2,600 மீட்டர் உயரம் கிடைத்துவிடும். மறுநாள் காலை தலைவலி, வாந்தி இல்லாமல் அம்மா நாஷ்டா சாப்பிட்டால் நல்ல அறிகுறி. அன்று கீழே இறங்கி ஃபாட்டா பக்கம் தங்கி, அடுத்த நாள் காலை ஸ்லாட்டில் ஏறுங்கள். அதற்குப் பின்னால் ஒரு நாளைக் காலியாக விட்டு ரிட்டர்ன் டிக்கெட் போடுங்கள். ஆறு நாள் கணக்கில் இந்தக் காலி நாளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

மாதத்தில் புரட்டாசியே மேல். எம துவிதியை அன்று, அதாவது நம் தீபாவளி கழிந்து சுமார் மூன்று நாளில், நடை சாத்திவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரம் கூட்டமும் குளிரும் கடுமை. ஆடி, ஆவணி பக்கமே போகாதீர்கள்: 2024 ஜூலை 31 அன்று பெய்த பேய்மழையில் நடைபாதை பல இடத்தில் அறுந்து ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். சோன்பிரயாகிலிருந்து கேதாருக்கு 12.9 கிலோமீட்டர் ரோப்வேக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஒப்புதல் வேறு, ஓடுவது வேறு. அதை நம்பி இந்த வருஷத் திட்டத்தை மாற்ற வேண்டாம்.

பதிவில் கவனமாக இருங்கள். முதலில் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவு, அந்த எண் கிடைத்த பிறகு ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளத்தில் டிக்கெட். வாட்ஸ்அப்பில் "கன்ஃபார்ம் டிக்கெட்" என்று வருகிறவை பெரும்பாலும் போலி; கூகுளில் மேலே வருகிற தளங்களிலும் போலி உண்டு. நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது, இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருந்து, டிக்கெட்டில் ஒற்றை எழுத்தாக இருந்தால் கவுன்ட்டரில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் இந்தியில். யாத்திரைப் பதிவு, டிக்கெட் இரண்டிலும் ஆதாரில் உள்ளபடியே அடியுங்கள்.

கிளம்ப ஆறு வாரம் முன்னால் டாக்டரைப் பாருங்கள். பக்கத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியானாலும் சரி, வழக்கமாகப் பார்ப்பவரானாலும் சரி, "கேதார்நாத், 3,500 மீட்டர்" என்று உயரத்தோடு சொல்லுங்கள். வெறுமனே "டூர் போகிறோம்" என்றால் "பத்திரமாகப் போய்ட்டு வாங்கம்மா" என்பதோடு முடிந்துவிடும். ஈசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும், இருக்கிற ஆக்சிஜனைச் சுமக்கவும் ரத்தம் வேண்டுமே. அம்லோடிபினைப் பயணத்துக்காக நிறுத்தக் கூடாது. உயரத்தில் முதல் சில நாள் பிபி கொஞ்சம் ஏறும். மாத்திரை சாப்பிட்டும் 160/100-க்கு மேலேயே நிற்கிறது என்றால் இந்த வருஷம் வேண்டாம். மலை நோய்த் தடுப்புக்கு அசிட்டசோலமைடு வழக்கம்: 125 எம்ஜி காலை, மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா அலர்ஜியோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆகாது, எனவே டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். விரல் நுனி மரத்து ஊசி குத்துவது போலிருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும்; இரண்டும் மருந்தின் வேலை. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் நம் வீட்டுப் பெண்களிடம் உண்டு, அங்கே அது தலைவலியில் கொண்டுபோய் விடும்.

கற்பூரம் முகர்ந்தால் மூச்சு சரியாகும் என்று ரயிலிலேயே யாராவது சொல்வார்கள். மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ஆக்சிஜன் ஏறாது. கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் அப்படித்தான்: 10 லிட்டர் டப்பா நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்தே நிமிஷம். அந்தப் பணத்துக்கு ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்குங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகத்தில் மருதாணி, பாலிஷ் இருந்தாலோ தப்பாகக் காட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். அந்த உயரத்தில் 85, 88 என்று காட்டுவது சகஜம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, நேர்க்கோட்டில் நடக்க முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் தரிசனம் ஆயிற்றா என்று பார்க்காமல் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போய், கீழே இறக்க ஏற்பாடு செய்யுங்கள்.

டாக்டர் வேண்டாம் என்றால் ஊக்கிமட் இருக்கிறது. நடை சாத்திய ஆறு மாதமும் கேதாரநாதரின் உற்சவருக்கு அங்கே ஓங்காரேஸ்வரர் கோயிலில்தான் பூஜை. சுமார் 1,300 மீட்டர், கோயில்வரை வண்டி போகும். சம்பந்தரும் சுந்தரருமே காளத்தியில் இருந்தபடிதான் கேதாரத்தைப் பாடினார்கள் என்பது மரபு, அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ஹெலிகாப்டரே ஓடாத நாளில் கௌரிகுண்டிலிருந்து நாலு பேர் தூக்குகிற டோலி எடுங்கள். கோவேறு கழுதை ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது பின்னால் சாய்ந்து முட்டியால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அது ஆகாது. டோலிக்குப் பணத்தை அரசு கவுன்ட்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மழை பிடிக்கும்.