1662-ல் அந்தக் குருமார்கள் வெளியேறியது வெறும் ஜெபப்புத்தகத்துக்காகவா?

இங்கிலாந்தில் ஏறக்குறைய 2,000 குருமார்கள், ஆராதனை முறையை வரையறுக்கும் ஒரு ஜெபப்புத்தகத்துக்காகச் சபையை விட்டுப் போனார்களே, கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை 1660 முதல் 1662 வரை சேர்த்துச் சொல்வது. ஜெபப்புத்தகம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவர்களில் பலர் எப்படியாவது சமாளித்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்களை வெளியேற்றிய சட்டத்தில் அதைவிடக் கடினமான ஒரு நிபந்தனை இருந்தது.

1646-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் பிஷப் பதவியையே ஒழித்துவிட்டது. அடுத்த 14 ஆண்டுகளில் ஊழியத்துக்கு வந்தவர்களில் பலருக்கு மூத்த போதகர்கள்தான் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1660-ல் அரசர் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி வந்ததும் பிஷப்புகளும் வந்தார்கள். 1662-ல் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டம், பிஷப் கையால் பட்டம் பெறாதவர் ஆகஸ்ட் 24-க்குள் மறுபடி பெற்றாக வேண்டும், புத்தகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மனப்பூர்வமாகச் சம்மதம் என்று சபை முன் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பதவி போகும் என்றது. திருத்திய புத்தகம் பல ஊர்களுக்கு அந்தத் தேதிக்குள் போய்ச் சேரவேயில்லை, படிக்காமலே சம்மதம் சொல்லச் சொன்னார்கள்!

பத்து வருஷமாக ஞானஸ்நானம் கொடுத்து, திருவிருந்து பரிமாறி, ஊரில் செத்தவர்களையெல்லாம் அடக்கம் பண்ணின ஒரு மனுஷனைப் பார்த்து உன் பட்டம் செல்லாது, மறுபடி வந்து முழங்கால் போடு என்றால், இதுவரை செய்ததெல்லாம் என்ன என்ற கேள்வி வருமா வராதா? டெவனில் கிரேட் டாரிங்டன் சபையில் இருந்த ஜான் ஹோவிடம் ஒரு பிஷப், இரண்டாவது தடவை பட்டம் வாங்கினால் உமக்கு என்ன கெட்டுவிடும் என்று கேட்டார். எதற்கும் இரண்டு தொடக்கம் இருக்க முடியாது என்பதுதான் ஹோவின் பதில். குருமனையையும் வருமானத்தையும் விட்டுவிட்டுப் போனார். இதில் நான் முழுக்க ஹோ பக்கம்தான். அதற்காக, சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்று நின்ற ஹோ போன்ற பியூரிட்டன்களை அப்பாவிகள் என்று சொல்லிவிட முடியாது, 1640-களில் அதிகாரம் இவர்கள் கையில் இருந்தபோது பிஷப் பக்கம் நின்ற குருமார்களை இவர்களும்தான் துரத்தினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 1665-ல் லண்டனில் பிளேக் பரவியதும் சட்டத்துக்கு அடங்கிய குருமார்களில் பலர் ஊரைக் காலி செய்தார்கள், துரத்தப்பட்டவர்களில் தாமஸ் வின்சென்ட் போன்றவர்கள் அந்தக் காலிப் பிரசங்க பீடங்களில் ஏறி, சாகக் கிடந்த ஜனங்களுக்குப் பிரசங்கித்தார்கள். பிளேக்குக்குப் பயந்து ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பாராளுமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் என்ன செய்தது தெரியுமா? சபையிலும் அரசிலும் எந்த மாற்றத்துக்கும் முயல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதவர், தான் ஊழியம் செய்த ஊருக்கோ எந்த நகரத்துக்கோ ஐந்து மைல் தூரத்துக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டது.

இது நம்ம ஊர் சங்கதியும்தான். தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்க 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் முடிய 28 வருஷம் ஆனது. அங்கேயும் பெரிய முட்டுக்கட்டையாக நின்றது பிஷப்புகள் உள்ள ஆங்கிலிக்கச் சபையோடு (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) சேர வந்த, பிஷப் கையால் பட்டம் பெறாத மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் போதகர்களை என்ன செய்வது என்பதுதான். இனிமேல் வரும் குருமார்களுக்கெல்லாம் பிஷப்தான் கைவைப்பார், ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவர்களுக்கு மறுபட்டம் கிடையாது, எந்தச் சபைக்கும் அதன் மனச்சாட்சிக்கு விரோதமான ஊழியரைத் திணிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கர்களில் ஒரு சாரார் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள், ஆந்திராவில் உள்ள நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கச் சபைகளோ அப்போது சேராமல் ஒதுங்கி நின்றன. அப்படியும் ஒருவரையும் மறுபடி முழங்கால் போடச் சொல்லாமலே நம் திருச்சபையைத் தொடங்கினார்கள்.