ரசீதைப் பிள்ளையிடம் காட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்குப் பத்து வயது. ஒரே பிள்ளை. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். எனக்கு அடிக்கடி இடமாற்றம் வரும் என்பதால் அவன் பள்ளி மாறிக்கொண்டே இருக்கிறான். வீட்டில் இருந்தால் கைபேசியும் கையுமாகத்தான். அதனால் உறைவிடப் பள்ளியில் சேர்த்துவிடுவது என்று முடிவுசெய்திருக்கிறோம். இரண்டு பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் பெரிய வளாகம், நீச்சல்குளம், குதிரையேற்றம் எல்லாம் உண்டு. மற்றது எளிமையானது, தேர்வு முடிவுகள் நன்றாக இருக்கின்றன. எதில் சேர்த்தாலும் எங்கள் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் போய்விடும். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டப்போகிறோம் என்று அவனையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டோம். அப்போதுதான் பொறுப்பாகப் படிப்பான். எந்தப் பள்ளி நல்லது? கடன் வாங்குவது சரியா? நீங்களும் ஹாஸ்டலில் படித்தவர் என்பதால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

குதிரை விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். உங்கள் மகன் வாரத்தில் ஒரு மணி நேரம் குதிரைமேல் உட்கார்ந்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் வார்டன் கையில் இருப்பான். அந்த வார்டனைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. பள்ளி உங்களை அழைத்து வளாகத்தைச் சுற்றிக்காட்டும் நாளில் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். ஒரு சாதாரண நாளில், இரவு எட்டு மணிக்கு விடுதியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகள் தூங்கும் கட்டடத்தில் எந்தப் பெரியவர் படுக்கிறார், அவர் அங்கே வந்து எத்தனை வருஷமாகிறது, போன வருஷம் நடுவில் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல மென்று விழுங்கினால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள். தேர்வு முடிவும் அப்படித்தான். தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால் எந்தப் பள்ளிக்கும் நூறு சதவீதம் வரும்.

கைபேசிக்காக ஹாஸ்டலா? அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

இடமாற்றம் நியாயமான காரணம். உறைவிடப் பள்ளியே கூடாது என்று சொல்கிற கட்சி நானில்லை. வீட்டைவிட விடுதியில் நிம்மதியாக இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். நட்பும் ஒழுங்கும் அங்கே கிடைத்து உருப்பட்டவர்கள் நிறையப் பேர். அது பிள்ளையைப் பொறுத்தது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை இரண்டு நாளாகப் படுத்துகிறது. "எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டப்போகிறோம் என்று அவனையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டோம்." ஏன் சொன்னீர்கள்? பத்து வயதுப் பையன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? வட்டி கட்டுவானா? பொறுப்பு வரும் என்கிறீர்கள். வராது. பயம் வரும். அதைத்தான் நாம் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்படுவோம்.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஒரு பையன் இருந்தான். அவனைச் சேர்க்க வந்த அன்று, அப்பா கட்டண ரசீதை அவன் கையில் கொடுத்து, "படிக்கத் தோணாதப்போ இதை எடுத்துப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். கடன் வாங்கித்தான் கட்டியிருந்தார். இவன் அந்த ரசீதைத் தகரப்பெட்டி மூடியின் உள்பக்கம் நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டிவைத்தான். சோப்பு எடுக்க, சட்டை எடுக்க, எதற்குப் பெட்டியைத் திறந்தாலும் அந்தத் தொகை அவன் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். அந்த மழைக்காலத்தில் அவனுக்குக் காதுவலி வந்தது. மருத்துவரிடம் போனால் அந்தச் செலவு பருவக் கடைசியில் பில்லில் ஏறும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். துண்டைச் சுருட்டிக் காதுக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பான். நான் வார்டனிடம் சொல்கிறேன் என்றபோது என் கையைப் பிடித்து நிறுத்தினான். தலையணை உறையில் சீழ்க்கறையைப் பார்த்துத் துணி துவைக்கிற அம்மாதான் கண்டுபிடித்தார். அதற்குள் ஒரு காது பாதி போய்விட்டது. இப்போதும் அவனோடு பேச வேண்டுமென்றால் நான் அவன் வலது பக்கம்தான் உட்காருவேன். அந்தப் பருவம் முழுக்க அவன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் "நான் நலம்" என்றுதான் இருந்தது.

பிள்ளைகள் நலமென்று எழுதுவது புதிதில்லை. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சிலை 1882இல், எட்டு வயது முடியுமுன்பே, இங்கிலாந்தின் ஆஸ்கட் என்ற ஊரில் ஓர் உறைவிடப் பள்ளியில் விட்டார்கள். பிரம்படிக்குப் பேர்போன பள்ளி. அவர் வீட்டுக்கு எழுதியதோ பள்ளியில் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று. உடம்பிலிருந்த தழும்புகளைப் பார்த்தது அவரை வளர்த்த தாதி எவரெஸ்ட்தான் என்று சொல்வார்கள். 1884இல் பள்ளியை மாற்றினார்கள். பிள்ளைகளுக்கான கதைகளால் பிற்பாடு புகழ்பெற்ற எழுத்தாளர் ரோல்ட் டால் 1925இல், ஒன்பது வயதில், விடுதிக்குப் போனார். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும்; தலைமையாசிரியர் பின்னால் நடந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்தப் பையன் குறை எழுதுவான்? வீட்டு ஏக்கம் தாங்காமல் குடல்வால் வலி என்று நடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் டால். மருத்துவர் நடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. மகன் எழுதிய அறுநூறுக்கு மேற்பட்ட கடிதங்களை அந்த அம்மா பத்திரமாக வைத்திருந்தார்.

டாலுக்குப் பின்னால் ஒரு தலைமையாசிரியர் நின்றார். என் பக்கத்துக் கட்டில்காரனுக்குப் பின்னால் யாருமே நிற்கவில்லை. எங்கள் வார்டன் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறவரும் இல்லை. பெட்டி மூடியில் ஒட்டியிருந்த காகிதமே அந்த வேலையைச் செய்தது. உங்கள் மகனுக்கு நீங்கள் வீட்டிலேயே அதை ஒட்டி அனுப்புகிறீர்கள், கே. நாளை அவனை யாராவது அடித்தால், அதைவிட மோசமாக ஏதாவது செய்தால், அவன் முதலில் நினைக்கப்போவது அடமானத்தில் இருக்கும் வீட்டைத்தான். அப்பாவின் வீடு போய்விடும், பொறுத்துக்கொள்வோம் என்பான். உங்களிடம் சொல்லமாட்டான். கேட்டாலும் சொல்லமாட்டான்.

கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வங்கிக்காரன் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் வருஷக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பள்ளி முடியும்வரை எத்தனை வருஷமோ அத்தனைக்கும், ஆண்டுக்காண்டு ஏறும் என்று வைத்துப் போடுங்கள். சீருடை, சலவை, சுற்றுலா, மருத்துவம், விடுமுறைக்கு வந்துபோகும் செலவு எல்லாம் கட்டணப் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கும். கூட்டிப் பார்த்துத் தலை சுற்றினால் அந்தப் பள்ளி உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. பள்ளியில் உதவித்தொகை உண்டா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். பல பள்ளிகள் தாமாகச் சொல்லமாட்டா. இன்று பணக்காரப் பள்ளி என்றாலே நினைவுக்கு வரும் இங்கிலாந்தின் ஈட்டன், 1440இல் அந்நாட்டு அரசர் ஆறாம் ஹென்றி எழுபது ஏழைப் பையன்கள் இலவசமாகப் படிப்பதற்காகத் தொடங்கிய பள்ளி. கூச்சப்பட வேண்டியவர்கள் சொல்லாமல் இருக்கும் பள்ளிக்காரர்கள்தான், கேட்கிற நீங்கள் அல்ல.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் விலகல் விதியைப் படியுங்கள். பல இடங்களில் ஒரு பருவத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை இல்லாத பருவத்துக்கும் பணம் கேட்பார்கள். முன்வைப்புத் தொகை எப்போது திரும்பும், திரும்புமா என்பதும் அங்கேதான் இருக்கும், பொடி எழுத்தில். ஒரு பருவக் கட்டணத்தைத் தனியாக எடுத்துவைக்க முடியாதென்றால் சேர்க்காதீர்கள். அவனை எந்த நாளிலும், எந்தக் கணக்கும் பார்க்காமல் கூட்டிவருவதற்கான பணம் அது. அது வீணாய்ப் போனாலும் போகட்டும்.

மகனிடம் இந்த வாரமே மறுபடியும் பேசுங்கள். பணத்தைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடு, அது அப்பா அம்மாவின் கணக்கு என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் முதல் பருவத்திலேயே வந்துவிடலாம் என்று, உங்கள் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். அவன் நம்பமாட்டான். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். விலகல் விதி புரியவில்லையென்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.