மூன்று டன்னா, ஐந்தரை டன்னா, எட்டு டன்னா: எக்ஸ்கவேட்டர் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

கேள்வி: நானும் இரண்டு ஆட்களும் சேர்ந்து சிறிய அளவில் மண்வேலை எடுத்துச் செய்கிறோம். வீட்டு அஸ்திவாரம், கழிவுநீர்க் குழாய்ப் பள்ளம், தொட்டிக் குழி, மனை சமன்படுத்துவது என்று வேலை வருகிறது. இதுவரை வாடகை வண்டிதான். இப்போது சொந்தமாக ஒரு எக்ஸ்கவேட்டர் வாங்க நினைக்கிறேன். விற்பவர் "எட்டு டன் எடையுள்ள வண்டி எடுங்கள், எல்லா வேலைக்கும் ஆகும்" என்கிறார். எனக்குத் தெரிந்த ஆபரேட்டர் "மூன்று டன் போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களுக்கான விடை, போன வருடத்து வாடகைச் சீட்டுகளில் இருக்கிறது. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: எத்தனை ஆழம் தோண்டினீர்கள், வண்டி உள்ளே போன வழி எத்தனை அகலம், தூக்கி வைத்ததில் அதிக எடையுள்ள பொருள் எது, தோண்டிய மண் எங்கே போனது, வேலை எத்தனை நாள் நடந்தது. பத்தில் ஏழு எட்டு வேலைகளைச் சிரமமில்லாமல் முடிக்கும் வண்டி எதுவோ, அதுதான் நீங்கள் வாங்க வேண்டியது. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று வேலைக்கு வாடகை வண்டி இருக்கவே இருக்கிறது.

இதைச் சொன்னதும் பலர் "பெரிய வண்டி சின்ன வேலையையும் செய்யுமே" என்பார்கள். கேட் வழியாக உள்ளே நுழைய முடிந்தால் செய்யும்.

முதலில் அகலம். 1.7 டன் வகுப்பு வண்டிகளில் டிராக்கை (வண்டி நகரும் பட்டைகளை) சுருக்கினால் ஏறக்குறைய 1 மீட்டர், விரித்தால் 1.3 மீட்டர் அளவுக்கு வரும். மூன்று டன் வண்டி 1.5 மீட்டரை ஒட்டி இருக்கும். ஐந்து, ஐந்தரை டன் என்றால் 1.9 முதல் 2 மீட்டர். எட்டு டன் 2.2 மீட்டரைத் தாண்டிவிடும். பதினான்கு டன் வண்டிக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். இதோடு இருபுறமும் ஒரு சாண் இடைவெளியாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பாதீர்கள். கேட்டைத் தாண்டியதும் வீட்டின் பக்கவாட்டுச் சந்து, மாடிப்படியின் அடிப்பக்கம், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி எல்லாம் இருக்கின்றன. கேபின் வைத்த மூன்று டன், ஐந்தரை டன் வண்டிகள் இரண்டரை மீட்டர் உயரம் வரை வரும்.

உள்ளே போனபின் வண்டி சுழல வேண்டும். சாதாரண வண்டியில் பின்பக்கப் பாரம் டிராக்கைத் தாண்டி வெளியே நீளும். ஆபரேட்டரின் கண் முன்னால் பக்கெட்டில் இருக்கும்போது பின்பக்கம் சுவரில் போய் இடிக்கும். வீடுகளுக்கு நடுவே வேலை செய்கிறவர்கள் பின்பக்கம் டிராக் அகலத்துக்குள்ளேயே சுழலும் ஜீரோ டெயில் வகையைப் பார்ப்பது நல்லது. ஆனால் அதற்கும் விலை உண்டு. பின்பாரம் உள்ளே தள்ளியிருப்பதால், அதே எடையுள்ள சாதாரண வண்டியைவிடப் பக்கவாட்டில் தூக்கும்போது நிலைத்தன்மை சற்றுக் குறையலாம். இன்ஜின் பகுதியும் நெருக்கமாக இருக்கும். ஃபில்டர் மாற்றக் கை நுழைவதே சில வண்டிகளில் சிரமம்.

அடுத்தது பலர் கடைசியில் யோசிப்பது: வண்டியை எதில் ஏற்றிக்கொண்டு போவீர்கள்? இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ, டிரெய்லரின் சொந்த எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது 2,700 கிலோ. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியின் இயக்க எடை 2,600 கிலோ என்று கையேட்டில் இருக்கிறது. அடங்கிவிடும் போலத் தெரிகிறது. ஐஎஸ்ஓ 6016 என்ற சர்வதேசத் தர முறைப்படி இயக்க எடையில் 75 கிலோ ஆபரேட்டரும் நிறை டாங்க் டீசலும் சேர்ந்திருக்கும். ஆபரேட்டர் டிரெய்லரில் வரமாட்டார்; அதைக் கழித்தால் 2,525. இனி உங்கள் மற்ற இரண்டு பக்கெட், பக்கெட் மாற்றும் குயிக் ஹிட்ச், கிரீஸ் டப்பா, சங்கிலி எல்லாம் சேர்த்து 200 கிலோ. மொத்தம் 2,725. வரம்பை 25 கிலோ தாண்டியாயிற்று. இன்னும் ஒன்று: கையேட்டில் போட்டிருப்பது கூரை மட்டும் உள்ள மாடலின் எடையாக இருந்தால், மூடிய கேபின் நூறு கிலோவுக்கு மேல் கூட்டிவிடும். டிரெய்லர் தகட்டில் உள்ள எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு, உங்கள் இழுவை வண்டியின் இழுக்கும் வரம்பையும் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசப் போங்கள்.

எட்டு டன் வண்டிக்கு லாரி வேண்டும். ஒரே இடத்தில் மூன்று வாரம் வேலை என்றால் லாரிச் செலவு பெரிதாகத் தெரியாது. உங்களுடையது அரை நாள், ஒரு நாள், இரண்டு நாள் வேலைகள். வாரத்துக்கு மூன்று முறை லாரி பிடித்தால் வண்டி சம்பாதிப்பதை லாரி தின்றுவிடும். லாரி வரும் நேரத்துக்காக ஆட்கள் சும்மா நிற்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இப்போது வேகம். பெரிய வண்டி வேகமாக முடிக்கும் என்பது உண்மைதான். எவ்வளவு வேகம் என்பதில்தான் ஏமாறுகிறோம். 45 செ.மீ. அகலம், 1.2 மீட்டர் ஆழம், 100 மீட்டர் நீளம் என்று ஒரு குழாய்ப் பள்ளம் எடுத்துக்கொள்ளுங்கள். மண் 54 கன மீட்டர். மூன்று டன் வண்டியில் 45 செ.மீ. பக்கெட் ஏறக்குறைய 0.08 கன மீட்டர் கொள்ளும். ஒரு சுற்றுக்கு 20 விநாடி, பக்கெட் 85 சதவீதம் நிறைகிறது, மணிக்கு 45 நிமிடம்தான் உண்மையில் தோண்டுகிறது, தோண்டிய மண் 25 சதவீதம் உப்புகிறது என்று வைத்தால் மணிக்கு 7.3 கன மீட்டர். மொத்தம் ஏழே கால் மணி நேரம் போல ஆகும். சரி, ஐந்தரை டன் வண்டி? பள்ளம் 45 செ.மீ. என்பதால் அதிலும் 45 செ.மீ. பக்கெட்தான் மாட்ட வேண்டும். அது 0.11 கன மீட்டர் என்று கொண்டால் மணிக்கு 10 கன மீட்டரை ஒட்டி வரும். ஐந்தரை மணி நேரத்துக்குள் முடியும். வண்டியின் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மிச்சமானது இரண்டு மணி நேரம். அதிலும் பாதி நேரம் குழாய் இறக்குகிற ஆட்களுக்காக வண்டி காத்து நிற்கும். பள்ளத்தின் அகலம் பக்கெட்டை முடிவு செய்கிறது. பக்கெட் உங்கள் வேகத்தை முடிவு செய்கிறது. பரந்த குழி தோண்டுவதும் மனை சமன்படுத்துவதும் வேறு கதை. அங்கே பெரிய பக்கெட் மாட்டலாம், பெரிய வண்டி தன் விலையைக் காட்டும்.

டீசலும் எடையோடு ஏறும். வேலையின் கடுமையைப் பொறுத்து மூன்று டன் வண்டி மணிக்கு 3, 4 லிட்டர் குடிக்கும்; ஐந்தரை டன் 5, 6 லிட்டர்; எட்டு டன் 6 முதல் 8 லிட்டர்.

ஆழத்தில் ஒரு எச்சரிக்கை. கையேட்டில் "அதிகபட்ச ஆழம்" என்று இருப்பது பக்கெட் பல்லின் நுனி ஒரே ஒரு புள்ளியில் தொடுகிற ஆழம். குழாய் படுக்கச் சமமான அடித்தளம் வேண்டுமென்றால் அந்த ஆழத்தில் உங்களால் வேலை செய்ய முடியாது. கையேட்டு எண்ணில் முக்கால் பங்கைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். மூன்று டன் வண்டிக்குக் கையேடு 2.8 அல்லது 3 மீட்டர் சொல்லும். நிம்மதியாக வேலை செய்வது 2.2 மீட்டர் வரை. ஐந்தரை டன்னுக்கு 3.6 மீட்டரை ஒட்டிச் சொல்வார்கள், 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டிக் குழிகள் இரண்டரை மீட்டர் ஆழம் என்றால் மூன்று டன் வண்டி திணறும். அந்த ஆழத்தில் மண்ணைக் கரையிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளிக் கொட்ட வேண்டும். கை நீளம் குறைந்த வண்டியால் அதைத் தள்ளிக் கொட்டவும் முடியாது. கரை ஓரத்தில் குவிந்த மண்தான் பள்ளத்தைச் சரிக்கிறது. உள்ளே இறங்கி நிற்பவர் உங்கள் ஆள்.

தூக்குவதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆளே போய்விடும். ஒரு முறை கான்கிரீட் குழாய் இறக்கிக்கொண்டிருந்தோம். வண்டிக்கு நேர் முன்னால் சங்கிலி கட்டித் தூக்கியபோது ஒரு சிக்கலும் இல்லை. பள்ளத்துக்கு மேல் கொண்டுபோகப் பக்கவாட்டில் சுழற்றினார் ஆபரேட்டர். பாதி சுழன்றபோது மறுபக்கத்து டிராக் மண்ணைவிட்டு ஒரு கையளவு மேலே எழும்பியது. டிராக்குக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் பதறாமல் பூமை (வண்டியின் பெரிய கையை) மெல்ல இறக்கிக் குழாயைத் தரையில் வைத்தார். அன்று பள்ளத்துக்குள் யாரும் இல்லை.

காரணம் எளிது. வண்டி முன்னும் பின்னும் நீளமாக நிற்கிறது. பக்கவாட்டில் குறுகலாக நிற்கிறது. அதனால் ஒவ்வொரு வண்டியின் தூக்கு அட்டவணையிலும் முன்பக்கத்துக்கு ஓர் எண், பக்கவாட்டுக்கு ஓர் எண் என்று தனித்தனியாகத் தருவார்கள். ஐஎஸ்ஓ 10567 முறைப்படி அந்த எண், வண்டி கவிழத் தொடங்கும் எடையில் 75 சதவீதம் அல்லது ஹைட்ராலிக் தூக்கும் திறனில் 87 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. அதுவும் கெட்டியான சமதளத்துக்கு. மழை பெய்த களிமண்ணுக்கு அந்த எண் பொருந்தாது. விற்பவர் காட்டுவது பெரும்பாலும் பிளேடை (வண்டியின் முன்னால் உள்ள மண் தள்ளும் பலகையை) தரையில் ஊன்றிய முன்பக்க எண். நீங்கள் பார்க்க வேண்டியது பக்கவாட்டு எண். அட்டவணை பக்கெட் இல்லாமல் போடப்பட்டிருந்தால் பக்கெட் எடையையும் கழியுங்கள்.

உங்கள் குழாயின் எடையை நீங்களே கணக்கிடலாம். உள்விட்டம் 60 செ.மீ., சுவர்த் தடிமன் 7.5 செ.மீ., நீளம் 2.5 மீட்டர் உள்ள கான்கிரீட் குழாயில் 0.4 கன மீட்டர் கான்கிரீட் இருக்கிறது. கன மீட்டருக்கு 2,400 கிலோ என்றால் 950 கிலோவைத் தாண்டும். மூன்று டன் வண்டிகள் 3 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் தூக்குவது பெரும்பாலும் 400 முதல் 600 கிலோ. ஆக, அந்தக் குழாய் உங்கள் வேலையில் அடிக்கடி வருகிறதென்றால் மூன்று டன் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். ஐந்தரை டன் வண்டிக்கும் அது விளிம்பில்தான் இருக்கும். அட்டவணையைப் பார்க்காமல் சங்கிலி கட்டாதீர்கள். பிளாஸ்டிக் குழாய் மட்டும் என்றால் இந்தக் கவலையே இல்லை. எதைத் தூக்குவதானாலும் பூம் சிலிண்டரில் ஹோஸ் வெடித்தாலும் பூம் விழாமல் பிடிக்கும் வால்வு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மண்ணை டிப்பரில் ஏற்றி அனுப்புகிறவர்கள் டிப்பரின் பக்கப் பலகை உயரத்தை டேப் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள கொட்டும் உயரத்தோடு ஒப்பிடுங்கள். 1.7 டன் வண்டி இரண்டரை மீட்டருக்குள் நின்றுவிடும். பெரிய டிப்பருக்கு அது எட்டாது. 54 கன மீட்டர் பள்ளத்திலிருந்து 67 கன மீட்டர் தளர்ந்த மண் வெளியே வருகிறது என்பதையும் மறக்காமல் டிப்பர் சொல்லுங்கள். களிமண் இன்னும் உப்பும், உடைத்த பாறை ஒன்றரை மடங்குக்கு மேல் போகும்.

ரப்பர் டிராக்கா, இரும்புச் செயினா? வீட்டு முற்றத்திலும் தார் ரோட்டிலும் ரப்பர், கூர்மையான கல் நிறைந்த இடத்தில் இரும்பு. பாறை உடைக்க பிரேக்கர் மாட்டும் எண்ணம் இருந்தால், வண்டியின் கூடுதல் ஹைட்ராலிக் லைன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பதும் பிரேக்கர் கேட்பதும் ஒத்துப்போக வேண்டும்.

இனி உங்கள் விஷயம். எட்டு டன்னை முதல் வண்டியாக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது தேவைப்படும் நாட்களில் ஆபரேட்டரோடு வாடகைக்கு எடுங்கள். மூன்றுக்கும் ஐந்தரைக்கும் இடையில் முடிவு செய்ய உங்கள் சீட்டுகளில் இரண்டு எண்ணைப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் வழி இரண்டே கால் மீட்டருக்குக் குறைவாக இருந்து, பள்ளங்கள் இரண்டு மீட்டருக்குள் நின்று, சொந்த டிரெய்லரும் இருந்தால் இரண்டரை முதல் மூன்று டன் எடுங்கள். வழி தாராளமாக இருந்து, தொட்டிக் குழியும் கான்கிரீட் குழாயும் மாதாமாதம் வந்தால் ஐந்தரை டன். அப்போது அதை ஏற்றிச் செல்லும் செலவையும் ஒவ்வொரு வேலையின் விலையிலும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேளுங்கள். வேலைகள் ஒன்றுக்கொன்று தூரமாக, வழியெல்லாம் அகலமாக இருந்தால், ரோட்டில் தானே ஓடிப் போகும் பேக்ஹோ லோடரையும் ஒரு பார்வை பாருங்கள். நாம் பொதுவாக ஜேசிபி என்று சொல்வது அதைத்தான்.

பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் மணி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பெடல் ரப்பர், சீட், லீவர் பிடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பூமை நீட்டிப் பக்கெட்டைத் தரையில் லேசாக ஊன்றி ஊன்றி எடுக்கச் சொல்லி, வண்டியின் மேல்பகுதி சுழலும் வளையத்தருகே கண் வையுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது. மூட்டுகளில் உள்ள பின் (pin), புஷ் ஆட்டம் சரிசெய்யக்கூடியது, அதை விலையில் குறையுங்கள். பிறகு பூமைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். ஹைட்ராலிக் கசிவு தெரிய, பக்கெட் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்துவிட்டு, மறுநாள் உங்கள் வேலை நடக்கும் இடத்துக்கு, உங்கள் மண்ணுக்கு, அந்த வண்டியை ஒரு நாள் அனுப்பச் சொல்லுங்கள்.